பழைய காசைப் புளி போட்டுத் துலக்காதீர்கள்: அமெரிக்கக் குடியேற்றக் கால நாணயங்களின் தரம் குறித்து

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம்.

அமெரிக்கா இங்கிலாந்தின் குடியேற்ற நாடாக இருந்த காலத்து, அதாவது குடியேற்றக் கால, நாணயங்களைப் பற்றித் தங்கள் நாளிதழின் ஞாயிறு இணைப்பில் வெளிவந்த கட்டுரையைப் படித்தேன். 1652ஆம் ஆண்டு பாஸ்டனில் அடிக்கப்பட்ட மூன்று பென்ஸ் வெள்ளிக் காசு ஒன்று 2024 நவம்பரில் 25 லட்சத்து 20 ஆயிரம் டாலருக்கு, அதாவது 21 கோடி ரூபாய்க்கும் மேலான விலைக்கு, ஏலம் போன செய்தியை நம் மொழியில் விரிவாகப் படிக்கக் கிடைத்தது எனக்குப் பெரிய மகிழ்ச்சி. ஆனால் கட்டுரையின் ஓரத்தில் பெட்டி கட்டிப் போட்டிருந்த இரண்டு குறிப்புகள் அந்த மகிழ்ச்சியை நீடிக்க விடவில்லை. நாணயத்தின் தரம் 1 முதல் 70 வரையிலான எண்ணால் குறிக்கப்படுகிறது, எண் கூடக்கூட நாணயம் உயர்ந்தது, வாங்குபவர் அந்த எண்ணைப் பார்த்தால் போதும் என்பது ஒன்று. வீட்டில் கிடக்கும் பழைய செம்புக் காசுகளைப் புளி போட்டுத் துலக்கி எடுத்துச் சென்றால் நல்ல விலை கிடைக்கும் என்பது மற்றொன்று. முதலாவது பாதி உண்மை. இரண்டாவதைக் கேட்டு ஒரே ஒரு வாசகர் நடந்தாலும், அவர் கையிலிருக்கும் காசுக்கு நேரும் கேட்டை எவராலும் திருத்த முடியாது. அதனால்தான் இந்தக் கடிதத்தை எழுதுகிறேன்.

நான் நியூ ஜெர்சி மாநிலத்தின் எடிசன் ஊரில் முப்பது ஆண்டுகளுக்கும் மேலாக வசிக்கிறேன். இங்கிருந்து காரில் அரை மணி நேரத்துக்குள் சென்றுவிடக்கூடிய ராவே என்ற ஊரில், 1786ஆம் ஆண்டின் சட்டப்படி இந்த மாநிலத்துக்கெனச் செம்புக் காசுகள் அடித்த அக்கசாலைகளில் ஒன்று இருந்தது. குடியிருக்கும் மண்ணின் பழங்காசு என்ற ஆசையில் ஒன்று வாங்கினேன். அதுவே பழக்கமாகி, குடியேற்றக் காலத்தையும், அதை ஒட்டி, விடுதலைக்குப் பின் மாநிலங்களே காசு அடித்த மாநிலக் காலத்தையும் சேர்ந்த காசுகளைத் தேடுவதிலேயே என் ஓய்வுநேரமெல்லாம் கழிகிறது. வணிகம் எனக்குத் தொழில் அன்று. வாங்கிய காசுகளில் மிகச் சிலவற்றையே விற்றிருக்கிறேன்.

முதலில் அந்த 70 என்ற எண் எங்கிருந்து வந்தது என்பதைச் சொல்ல வேண்டும். வில்லியம் ஷெல்டன் என்பவர் 1949இல் வெளியிட்ட நூலில், 1793 முதல் 1814 வரை அமெரிக்கக் கூட்டரசு அடித்த பெரிய செம்பு சென்ட் காசுகளுக்காக ஏற்படுத்திய அளவுகோல் அது. எழுத்தும் உருவமும் தேய்ந்துபோய், இன்ன காசு என்று அடையாளம் சொல்ல மட்டுமே முடிகிற காசின் விலை ஒரு டாலர் என்றால், அக்கசாலையிலிருந்து அப்போதுதான் வந்தது போன்ற அதே காசின் விலை எழுபது டாலர் என்பது அவருடைய கணக்கு. சுருங்கச் சொன்னால், அது பிறந்தபோது தரத்தின் அளவு மட்டும் அன்று, விலையின் விகிதமும்கூட. அந்த விலைக் கணக்கு விரைவிலேயே பொய்த்துப் போயிற்று. எண்கள் மட்டும் நிலைத்துவிட்டன. 1986, 1987 ஆகிய ஆண்டுகளில் தொடங்கிய தரச் சான்று நிறுவனங்கள், காசைப் பிளாஸ்டிக் பேழைக்குள் வைத்து மூடி, மேலே இந்த எண்ணை அச்சிட்டுத் தரும் வழக்கத்தை உலகமெங்கும் பரப்பின. இயந்திரத்தில் ஒரே சீராக அடிக்கப்பட்ட பிற்காலக் காசுகளுக்கு இந்த எண் பெருமளவு பொருந்துகிறது. குடியேற்றக் காலக் காசுகளுக்கு அது ஏன் அப்படியே பொருந்தவில்லை என்பதுதான் தங்கள் கட்டுரை தொடாமல் விட்ட இடம்.

காசின் உடம்பில் நாம் காணும் குறைகள் இரண்டு வகைப்படும். அக்கசாலையில் பிறக்கும்போதே வந்தவை ஒரு வகை. வெளியே வந்தபின் மனிதர் கையிலும் மண்ணுக்குள்ளும் பட்டவை இன்னொரு வகை. குடியேற்றக் காலக் காசின் தரத்தைச் சொல்வது என்பது இந்த இரண்டையும் பிரித்துச் சொல்வதுதான். தேய்ந்ததையும், முதலிலேயே சரியாக அடிபடாததையும் ஒன்றாகக் கருதி ஓர் எண்ணுக்குள் அடைத்தால், நல்ல காசு கெட்டதாகவும் கெட்ட காசு நல்லதாகவும் மாறிவிடும்.

பாஸ்டன் வெள்ளிக் காசுகளையே எடுத்துக்கொள்வோம். 1652இல் மாசசூசெட்ஸ் குடியேற்றத்தின் பொதுமன்றம், ஜான் ஹல் என்ற பொற்கொல்லரை அக்கசாலைப் பொறுப்பில் அமர்த்தியது. ராபர்ட் சாண்டர்சன் அவருக்குக் கூட்டாளி. உருக்கிய வெள்ளியில் பெரும்பகுதி மேற்கிந்தியத் தீவுகளின் வணிகம் வழியாக வந்த ஸ்பானிய ரியால். அதே ஸ்பானிய வெள்ளியைக் கிழக்கிந்தியக் கம்பெனியார் கப்பலில் கொண்டுவந்து சென்னைக் கோட்டை அக்கசாலையிலும் உருக்கினார்கள். 1649இல் பாஸ்டனில் பிறந்த எலிஹு யேல் பின்னாளில் அந்தக் கோட்டைக்கு ஆளுநராக வந்ததை எண்ணும்போது, இந்தக் காசுகள் நமக்கு அவ்வளவு தொலைவில் இல்லை என்று எனக்குத் தோன்றுவதுண்டு.

ஹல்லின் முதல் காசுகளில் ஒரு பக்கம், மாசசூசெட்ஸ் அடங்கிய வட்டாரமான நியூ இங்கிலாந்தைக் குறிக்கும் இரண்டு எழுத்துகளும் மறு பக்கம் மதிப்பைக் குறிக்கும் ரோமன் எண்ணும் மட்டுமே உண்டு. மீதி இடமெல்லாம் வெறுமை. ஓரத்தை வெட்டி எடுத்தால் யாருக்கும் தெரியாது என்பதால், சில மாதங்களுக்குள் அந்த அமைப்பைக் கைவிட்டு, நடுவில் மரமும் சுற்றிலும் எழுத்துமாக அடிக்கத் தொடங்கினார்கள். இன்று சேகரிப்பாளர்கள் வில்லோ மரம், ஓக் மரம், பைன் மரம் என்று மூன்றாகப் பிரிக்கும் இந்தக் காசுகள் 1682 வரை வெளிவந்தன. 1662 என்று பொறித்த ஓக் மர இரண்டு பென்ஸ் ஒன்றைத் தவிர மற்ற அனைத்திலும் ஆண்டு 1652தான். இங்கிலாந்தில் மன்னர் இல்லாத காலத்து ஆண்டைப் பொறித்து, பின்னால் வந்த மன்னரை ஏமாற்றினார்கள் என்று ஒரு கதை வழங்குகிறது. அனுமதிச் சட்டத்தின் ஆண்டையே பொறித்துவந்தார்கள் என்பதே எனக்குப் பொருத்தமாகப் படுகிறது.

இவற்றில் வில்லோ மரக் காசைப் பார்த்தவர்கள் முதல் பார்வையில் ஏமாந்து போவார்கள். மரம் குழம்பியிருக்கும், எழுத்துகள் ஒன்றன்மேல் ஒன்று ஏறியிருக்கும். ஒரே காசை இரண்டு மூன்று முறை, அச்சுக்குள் சற்றே திரும்பிய நிலையில் அடித்ததால் வந்த குழப்பம் அது. தேய்மானத்துக்கும் அதற்கும் ஒரு தொடர்பும் இல்லை. தெளிவான மரத்தை எதிர்பார்த்து அந்தக் காசைத் தள்ளிவிட்டால், அப்படியொரு காசு பிறக்கவே இல்லை என்பதை அறியாமல் தள்ளுகிறோம் என்றுதான் பொருள்.

பிறவிக் குறையையும் பின்னால் வந்த குறையையும் பிரித்துக்காட்ட இங்கே கைகொடுப்பது தராசு. பன்னிரண்டு பென்ஸ் மதிப்புள்ள பாஸ்டன் சில்லிங்குக்கு விதித்த எடை 72 கிரெயின், ஏறத்தாழ 4.67 கிராம். வெள்ளி வெளியே ஓடிவிடாமல் குடியேற்றத்துக்குள்ளேயே தங்க வேண்டும் என்பதற்காக, ஏறத்தாழ 93 கிரெயின் எடையுள்ள இலண்டன் சில்லிங்கைவிட வேண்டுமென்றே குறைவாக வைத்த எடை அது. என்னிடமுள்ள பைன் மரச் சில்லிங்கில் வலது ஓரத்து எழுத்துகளின் தலைகள் இல்லை. இடது ஓரத்தில் புள்ளி வளையத்துக்கு வெளியிலும் வெள்ளி மிச்சமிருக்கிறது. எடை 71 கிரெயின். ஆகவே அச்சு நடுவில் உட்காராமல் விலகியிருக்கிறது, அவ்வளவுதான், காசு முழுமையானது. நண்பர் ஒருவரிடம் உள்ள இன்னொன்றில் எழுத்துகளின் தலைகள் சுற்றிலும் சமமாகவே இல்லை. பார்ப்பதற்கு என் காசைவிட அழகான வட்டம். எடையோ 58 கிரெயின். யாரோ கத்தரியால் வட்டமாக நறுக்கி, ஐந்தில் ஒரு பங்கு வெள்ளியை எடுத்துக்கொண்டுவிட்டார். கண்ணுக்கு எளிதில் தெரியாத இந்த வேறுபாட்டை எடையைக் கொண்டு ஒரு நிமிடத்தில் கண்டுவிடலாம். நாணயம் சோதிப்பவர்களுக்கு வண்ணக்கர் என்று ஒரு தனிப்பெயரையே பழந்தமிழ் வைத்திருந்தது. எடையும் உலோகத்தின் தூய்மையான மாற்றும் பாராமல் காசை ஏற்பதை அவர்களில் எவரும் ஒப்பியிருக்க மாட்டார்கள்.

செம்புக் காசுகளில் இந்தச் சிக்கல் இன்னும் பெரிது. நியூ ஜெர்சிச் சட்டம் 30 லட்சம் காசுகளுக்கு அனுமதி தந்தது; ஒரு காசின் எடை 150 கிரெயின், பதினைந்து காசு ஒரு சில்லிங், அடித்ததில் பத்தில் ஒரு பங்கு மாநிலத்துக்கு. முன்பக்கம் குதிரைத் தலையும் அதன் கீழே ஏர்க் கலப்பையும் இருக்கும்; நியூ ஜெர்சியின் இலத்தீன் பெயரான நோவா சீசரியா சுற்றி ஓடும். பின்பக்கம் கேடயமும் 'பலவற்றிலிருந்து ஒன்று' என்று பொருள்படும் 'இ புளூரிபஸ் யூனம்' என்ற இலத்தீன் வாசகமும். பிற்பாடு நாட்டுக்கே உரியதாகிவிட்ட அந்த வாசகம் அமெரிக்கக் காசு ஒன்றில் முதன்முதலாக ஏறியது இந்தச் செம்புத் துண்டில்தான்.

என் மேசையில் இப்போது இருக்கும் 1787ஆம் ஆண்டுக் காசைப் பற்றிச் சொல்கிறேன். எடை 146 கிரெயின். பழைய பனைவெல்லத்தின் நிறம். குதிரையின் பிடரி மயிர் இழை இழையாகத் தெரிகிறது. ஆண்டின் நான்கு எண்களும் கூர்மை. கலப்பையின் கைப்பிடிகூடத் தெளிவு. ஆனால் காசைத் திருப்பினால் கேடயத்தின் நடுவில் கோடுகளே இல்லை; வழவழவென்று ஒரு திட்டு. பேழைக்குள் இருந்த காலத்தில் இந்தத் திட்டைத் தேய்மானம் என்று கருதி மிகக் கீழான எண்ணை இட்டிருந்தார்கள். அந்த இடத்தைப் பத்து மடங்கு பெரிதாக்கும் லென்ஸின் கீழே சாய்ந்த வெளிச்சத்தில் பாருங்கள்: அடிப்பதற்கு முன் வெற்றுத் தகட்டில் இருந்த நுண்ணிய கீறல்களும் சொரசொரப்பும் அப்படியே இருக்கின்றன. கைபட்டுத் தேய்ந்திருந்தால் முதலில் மறைவது அந்தச் சொரசொரப்பாகத்தான் இருக்கும். அச்சின் அழுத்தம் அங்கே முழுதாகச் சென்று சேரவில்லை. மறுபக்கத்தில் அதே இடத்தில் குதிரையின் கழுத்து புடைத்து நிற்பதால், உலோகம் அந்தப் பள்ளத்தை நிரப்பப் போய்விட்டது. காசு அதிகம் புழங்கவே இல்லை. எண்ணைப் பார்த்து விலை வைத்தவர் எனக்கு மலிவாகக் கொடுத்துவிட்டார் என்பதில் எனக்கு மகிழ்ச்சி இல்லை என்று சொல்ல மாட்டேன். ஆனால் எதிர்த்திசையில் நடக்கும் தவறுகளால் புதியவர்கள் இழப்பது இதைவிட மிக அதிகம்.

இந்தக் காசுகளின் அச்சு வேறுபாடுகளை எட்வர்ட் மாரிஸ் 1881இல் வரிசைப்படுத்தினார். முன்பக்கத்துக்கு எண்ணும் பின்பக்கத்துக்கு எழுத்தும் கொடுத்த அவருடைய குறியீட்டைத்தான் இன்றும் பயன்படுத்துகிறோம். அவற்றுள் 'ஒட்டகத் தலை' என்று செல்லப்பெயர் பெற்ற ஒரு வகை உண்டு. புதிய தகடு வெட்டாமல், கிடைத்த வேறு செம்புக் காசுகளின்மேலேயே பலமுறை இதை அடித்திருக்கிறார்கள். உற்றுப் பார்த்தால் குதிரையின் கழுத்துக்குக் குறுக்கே பழைய காசின் எழுத்துகள் பேய்போல் தெரியும். அறியாதவர் அதைச் சேதம் என்பார். அறிந்தவர் கீழே உள்ள காசு எந்த மாநிலத்தது என்று கண்டுபிடிப்பதில் ஒரு மாலைப்பொழுதையே செலவிடுவார். ஒரே காசில் இரண்டு வரலாறுகள் கிடைக்கும் இந்த இன்பத்துக்கு எந்த எண்ணைக் கொடுப்பது?

அச்சடித்த இடம் மாறினால் எதிர்பார்ப்பும் மாற வேண்டும். வெர்ஜினியாவின் 1773ஆம் ஆண்டு அரைப் பென்னியை அடித்தது இலண்டன் கோபுர அக்கசாலை. அதில் பெருந்தொகை ஒன்று புழங்காமலேயே பதுங்கிக் கிடந்து வெளிவந்ததால், பழைய சிவப்பு மாறாத காசுகளைக்கூட இன்று வாங்க முடிகிறது. ஆகவே தேய்ந்த வெர்ஜினியக் காசுக்கு அதிகம் கொடுக்கத் தேவையில்லை. வெர்மான்ட் காசுகளோ மட்டமான தகட்டில் அடித்தவை. வெடிப்பும் குழியும் இல்லாத ஒன்றைத் தேடி நான் களைத்துவிட்டேன். கனெக்டிகட்டில் 1785 முதல் 1788 வரை வெளிவந்தவற்றில் மட்டும் முந்நூறுக்கும் மேற்பட்ட அச்சு இணைகள், அதாவது முன்பக்க, பின்பக்க அச்சுகளின் சேர்க்கைகள், இருக்கின்றன. ஒவ்வோர் அச்சுக்கும் ஒரு குணம். 1737இல் அதே கனெக்டிகட்டின் கிரான்பி ஊரில் சாமுவேல் ஹிக்லி என்பவர் அடித்த காசுகள் மென்மையான தூய செம்பு. 'மூன்று பென்ஸ் மதிப்பு' என்று முதலில் பொறித்தவர், பிறகு 'உங்கள் விருப்பப்படி என்னை மதியுங்கள்' என்றும் 'நான் நல்ல செம்பு' என்றும் பொறித்தார். கிடைத்திருக்கும் சிலவும் பெரும்பாலும் நன்றாகத் தேய்ந்தவை. அவற்றில் வாசகத்தைப் படிக்க முடிந்தாலே அது பெரும் பேறு; எண் எட்டா பத்தா என்று எவரும் கேட்பதில்லை.

எனவே இத்துறையில் பழகியவர்கள் வேறொரு முறையைப் பின்பற்றுகிறார்கள். 1967இல் தொடங்கிய 'எர்லி அமெரிக்கன் காப்பர்ஸ்' என்ற சேகரிப்பாளர் சங்கத்தாரிடம் நான் கற்றது இது. தேய்மானத்தை மட்டும் பார்த்து, இந்தக் காசில் எவ்வளவு விவரம் எஞ்சியிருக்கிறது என்று ஓர் எண்ணை முதலில் குறிக்க வேண்டும். பிறகு குழி, கீறல், களிம்பு, துலக்கியது ஆகியவற்றை ஒவ்வொன்றாகச் சொற்களில் எழுதி, அவற்றுக்காகக் கழித்து, நிகர எண்ணைத் தனியே தர வேண்டும். 'விவரம் முப்பது, பின்பக்கம் நுண்குழிகள், குதிரையின் மூக்கருகே ஒரு பழைய கீறல், நிகரம் பன்னிரண்டு' என்று எழுதினால், காசைப் பாராதவருக்கும் அது கண்முன் வந்துவிடும். வெறும் பன்னிரண்டு என்று சொன்னால் என்ன தெரியும்? தரத்தின் உயிர் அந்தச் சொற்களில் இருக்கிறது என்பது என் உறுதியான கருத்து. அதற்கு நேரம் பிடிக்கும் என்பதும் உண்மை. ஒரு காசை எழுத எனக்கே சில நேரம் ஒரு மணி நேரம் ஆகிறது.

இனிப் புளிக்கு வருகிறேன். செம்பு காற்றோடும் கையோடும் இருநூறு ஆண்டுகள் பழகி மேலே ஒரு தோல் கட்டிக்கொள்கிறது. பழுப்போ கறுப்போ ஆலிவ் பச்சையோ, அந்தத் தோல்தான் உள்ளே இருக்கும் உலோகத்தைக் காக்கிறது. காசு உண்மையானது என்பதற்கும் அதுவே முக்கியமான சாட்சி. புளியிலும் எலுமிச்சையிலும் உள்ள அமிலம் அதைச் சில நிமிடங்களில் கரைத்துவிடும். குத்துவிளக்குக்கும் செப்புக் குடத்துக்கும் அது நல்லது; அவற்றை வாரந்தோறும் துலக்குகிறோம். காசுக்கு அது தோலை உரிப்பதற்கு ஒப்பு. நான் வாங்கிய முதல் நியூ ஜெர்சிக் காசு இளஞ்சிவப்பாக மின்னியது. அந்த மினுக்கத்தில் மயங்கி, கேட்ட விலையைக் கொடுத்தேன். மூத்த சேகரிப்பாளர் ஒருவரிடம் பெருமையோடு நீட்டியபோது, அவர் அதைக் கையில்கூட வாங்காமல், 'இதைக் குளிப்பாட்டிவிட்டார்களே' என்றார். இன்றும் அதை வைத்திருக்கிறேன். இத்தனை ஆண்டுகளில் அது மறுபடி இருண்டிருக்கிறது. ஆனால் திட்டுத் திட்டாக, வெந்த புண் ஆறியது போல. பழைய நிறம் திரும்பவே இல்லை.

மண் ஒட்டியிருந்தால் காய்ச்சி வடித்த நீரில் ஊறவிடலாம். எண்ணெய்ப் பிசுக்கு இருந்தால் தூய அசிட்டோன் போதும். தேய்ப்பது மட்டும் எந்த நிலையிலும் கூடாது. மென்மையான மலிவு பிளாஸ்டிக் உறைகளில் போட்டு வைப்பதும் தவறு. அவை நாளடைவில் கசிந்து, செம்பின்மேல் பச்சைப் பசையாகப் படியும். 2021 நவம்பரில் இலண்டனில் 2 லட்சத்து 64 ஆயிரம் பவுண்டுக்கு ஏலம் போன நியூ இங்கிலாந்து சில்லிங், இங்கிலாந்தின் ஒரு பழைய வீட்டில் மிட்டாய்த் தகரப் பெட்டிக்குள் கிடைத்தது. கண்டெடுத்தவர் அதை முதலில் சமையலறைக்கு எடுத்துச் சென்று துலக்கியிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று எண்ணவே எனக்கு அச்சமாக இருக்கிறது.

தங்கள் கட்டுரை போலிகளைப் பற்றி ஒரு வரியும் சொல்லவில்லை. இத்தகைய விலைச் செய்திகளுக்குப் பின்னால் முதலில் வருபவை போலிகள்தாம். இது புதிதும் அன்று. 1850களிலேயே நியூயார்க்கில் தாமஸ் வையட் என்பவர் மாசசூசெட்ஸ் வெள்ளிக் காசுகளைப் போலியாக அடித்து, புதையலாகக் கிடைத்தவை என்று பரப்பினார். 1973ஆம் ஆண்டின் அமெரிக்கச் சட்டப்படி இத்தகைய நகல்களில் 'நகல்' என்ற சொல்லைப் பொறிக்க வேண்டும். அதற்கு முன் வார்த்தவற்றிலும் கள்ளத்தனமாக வருபவற்றிலும் அது இருப்பதில்லை. நானும் ஒருமுறை ஏமாந்தேன். பைன் மரச் சில்லிங் ஒன்றைச் சந்தையில் வாங்கினேன். மரத்தின் அடியில் பிறை வடிவில் ஒரு சிறு வெட்டு. ஓராண்டு கழித்து வேறொரு நகரத்தில், வேறொருவரின் கண்ணாடிப் பெட்டிக்குள், அதே மரத்தின் அடியில், அதே பிறை வெட்டைக் கண்டேன். அச்சில் உள்ள குறை பல காசுகளில் வரலாம். ஆனால் காசு வெளியே போனபின் தற்செயலாகப் பட்ட ஒரு காயம் இரண்டு காசுகளில் ஒரே இடத்தில் ஒரே வடிவில் வர வழியில்லை. இரண்டும் ஏதோ ஒரு மூலக் காசிலிருந்து எடுத்த நகல்கள். விற்றவர் பணத்தைத் திருப்பித் தரவில்லை. அன்று முதல் எடை பார்க்காமலும், ஏலப் பட்டியல்களில் உள்ள படங்களோடு காயத்துக்குக் காயம் ஒப்பிடாமலும் நான் எதையும் வாங்குவதில்லை.

தங்களிடம் நான் வேண்டுவது இரண்டு. புளி பற்றிய குறிப்பைத் திரும்பப் பெறும் ஒரு சிறு திருத்தத்தை, அந்தப் பெட்டிச் செய்தி வந்த அதே பக்கத்தில், அதே அளவு எழுத்தில் வெளியிட வேண்டும். வாசகர்கள் கையிலிருப்பது அமெரிக்கக் காசாக இல்லாமல் தாத்தா காலத்துக் காலணாவாக இருந்தாலும் அந்தத் திருத்தம் அதைக் காப்பாற்றும். இனி இத்தகைய ஏலச் செய்திகளை வெளியிடும்போது, விலையோடும் எண்ணோடும் காசின் எடையையும், அதன் நிலையைச் சொற்களில் கூறும் இரண்டு வரிகளையும் சேர்க்க வேண்டும். ஏலப் பட்டியல்களில் இவை பெரும்பாலும் கிடைக்கின்றன. துலக்கிக் கெட்ட என் முதல் காசையும், கேடயத்தின் நடுவில் திட்டு உள்ள 1787ஆம் ஆண்டுக் காசையும் ஒரே வெளிச்சத்தில் அருகருகே வைத்து எடுத்த படங்களை இக்கடிதத்துடன் இணைத்திருக்கிறேன். இடமிருந்தால் அவற்றை வண்ணத்தில் வெளியிடுங்கள். கறுப்பு வெள்ளையில் இரண்டும் ஒன்றுபோலவே தெரியும்.

இங்ஙனம்,
தங்கள் நெடுநாள் வாசகன்,
எடிசன், நியூ ஜெர்சி